விடுபட்ட இரண்டு

நம் வீடுகளில் புழங்கும் பொய்களுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. கடைக்காரர் சொன்னால் அது பொய்; மேடை ஏறியவர் சொன்னால் புளுகு; நாமே வீட்டுக்குள் சொன்னால் அதற்குச் 'சமாளிப்பு' என்று பெயர். கைபேசியில் யாரோ கூப்பிடுகிறார்கள். பேச விருப்பமில்லை. "அப்பா குளிக்கிறார்னு சொல்லு" என்று கருவியைக் குழந்தையின் கையில் கொடுக்கிறோம். உலர்ந்த தலையோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அப்பாவைப் பார்த்துக்கொண்டே குழந்தையும், "அப்பா குளிக்கிறார்" என்று ஒப்பிக்கிறது. பெண் பார்க்க வருகிறவர்களுக்காகப் பெண்ணின் வயதில் ஒன்றரை ஆண்டு குறைகிறது. சம்பந்தி வீட்டிலிருந்து வந்த மாவடு பிரமாதம் என்று தகவல் போகிறது. ஜாடியோ கட்டிய துணி அவிழ்க்கப்படாமல் பரணில் இருக்கிறது.

யாராவது இடித்துக் கேட்டால் வள்ளுவரைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறோம். வாய்மை அதிகாரத்தின் இரண்டாம் குறளை அறியாத தமிழர் இல்லை. குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்கிறார் அவர். அந்தக் குறளை எத்தனை பேர் எத்தனை காரியங்களுக்குப் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன்! 'குற்றமற்ற' என்று அவர் போட்டிருக்கும் நிபந்தனை மட்டும் நம் நினைவில் தங்குவதில்லை. நிபந்தனையை மறந்து சலுகையை நினைவில் வைத்துக்கொள்வது மனித இயல்பு போலும்.

பௌத்த அறநூல்களின் பக்கம் நான் போனது இதற்காக அல்ல. பல ஆண்டுகளுக்கு முன் நாகப்பட்டினத்தைக் களமாகக் கொண்டு ஒரு நாவல் எழுத எண்ணியிருந்தேன். 'பொன்னியின் செல்வ'னைப் படித்தவர்களுக்குச் சூடாமணி விகாரத்தை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கடல் கடந்த ஸ்ரீவிஜயத்து மன்னர் குலம் எழுப்பிய அந்த விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரைப் பள்ளிச்சந்தமாகக் கொடுத்தான். அங்கே வாழும் ஒரு முதிய பிக்குவை என் கதையில் நடமாடவிட ஆசை. அவர் எப்படிப் பேசுவார், எதைப் பேச மறுப்பார் என்று தெரிந்துகொள்வதற்காகப் பாலி நூல்களை மொழிபெயர்ப்பில் படிக்கத் தொடங்கினேன். நாவல் எழுதப்படவே இல்லை. பிக்கு மட்டும் என்னோடு தங்கிவிட்டார்.

பௌத்த இல்லறத்தாருக்குரிய ஐந்து சீலங்கள் பலரும் அறிந்தவைதாம்: கொல்லாமை, களவாடாமை, முறையற்ற காமம் தவிர்த்தல், பொய்யாமை, மயக்கும் பொருள்களை உட்கொள்ளாமை. எந்தச் சமயத்தில்தான் இவை இல்லை என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அவற்றைச் சொல்லும் முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. "பொய் சொல்லாதே" என்று மேலிருந்து ஒருவர் இடும் கட்டளை அங்கே இல்லை. பொய்யிலிருந்து விலகி நிற்கும் பயிற்சியை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று அவனவனே சொல்லிக்கொள்ள வேண்டும். 'சிக்காபதம்' என்பது அதற்குப் பாலிச் சொல். பயிற்சிப் படி என்று சொல்லலாம். இலங்கையில் பௌர்ணமி தோறும் வெள்ளை உடுத்தி விகாரைக்குப் போகிறவர்கள், பிக்கு சொல்லச் சொல்ல இந்தச் சீலங்களைத் திரும்பச் சொல்லி ஏற்கிறார்கள். போன பௌர்ணமிக்கு ஏற்றதை இந்தப் பௌர்ணமிக்கு மறுபடியும் ஏற்கிறார்கள். வீணை கற்கிறவர் அபசுவரம் வந்ததற்காக வீணையை உடைத்துப் போடுவதில்லை. மறுநாளும் சரளி வரிசைக்கு உட்காருகிறார். அந்த மாதிரியான காரியம் இது.

ஐந்தில் நான்காவதைத்தான் நான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். கொலையும் களவும் நடுத்தரக் குடும்பத்தாருக்கு அன்றாடப் பிரச்சினைகள் அல்ல. (கொசுவைப் பற்றி யாரும் என்னைக் கேட்காமல் இருக்க வேண்டும்.) பொய்யோ நம்மோடு காப்பி சாப்பிடுகிறது.

புத்தர் தம் மகன் இராகுலனுக்குச் செய்த உபதேசம் ஒன்று மஜ்ஜிம நிகாயத்தில் இருக்கிறது. இராகுலன் அப்போது ஏழு வயதுச் சிறுவன் என்கிறது உரை. இராசகிருகத்துக்கு அருகே அம்பலட்டிகா என்ற இடத்தில் அவன் தங்கியிருக்கிறான். தந்தை வருகிறார். பிள்ளை ஆசனம் இட்டுக் கால் கழுவத் தண்ணீர் வைக்கிறான். கழுவியபின் பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீரை மிச்சம் வைத்து அவனுக்குக் காட்டுகிறார்: அறிந்தே பொய் சொல்ல நாணாதவனிடம் உள்ள துறவு இவ்வளவுதான். பிறகு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் காட்டுகிறார், கவிழ்த்துக் காட்டுகிறார், மறுபடி நிமிர்த்தி வெறுமையைக் காட்டுகிறார். ஒரு பழைய பாத்திரம், நான்கு பாடம். விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லமாட்டேன் என்று பழகிக்கொள் என்கிறார். ஏழு வயதுப் பிள்ளைக்கு எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று அந்தத் தந்தைக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்து அவர் கேட்கும் கேள்வி, "கண்ணாடி எதற்குப் பயன்படுகிறது, இராகுலா?" என்பது. பார்ப்பதற்கு என்கிறான் பையன். அப்படியே ஒரு செயலைச் செய்வதற்கு முன்னும், செய்துகொண்டிருக்கும்போதும், செய்து முடித்த பின்னும் அதைப் பார்க்க வேண்டும். தனக்கோ பிறருக்கோ இருவருக்குமோ துன்பம் விளைகிறதா என்று பார்க்க வேண்டும் என்கிறார். உடலால் செய்வதை, சொல்லால் செய்வதை, உள்ளத்தால் செய்வதை, எல்லாவற்றையும் மும்முறை. முதல் தடவை பார்ப்பதை நம்மில் பலர் செய்கிறோம். மூன்றாவது தடவை பார்ப்பது கடினம். அதற்குள் அடுத்த வேலை வந்துவிடுகிறது. அல்லது வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

இந்த உபதேசத்தின் பெருமை பின்னால் வந்தவர்கள் ஏற்றிச் சொன்னது அல்ல. அசோகர், கி.மு. 3ஆம் நூற்றாண்டில், இராசபுதனத்துப் பைராட்டில் கிடைத்த கல்வெட்டில், துறவிகளும் இல்லறத்தாரும் அடிக்கடி கேட்க வேண்டிய உபதேசங்கள் என்று ஏழைப் பெயர் சொல்லிக் குறித்திருக்கிறார். பொய்யைப் பற்றி இராகுலனுக்குச் சொன்னது அவற்றில் ஒன்று. சாம்ராச்சியத்தை ஆண்டவர், சாம்ராச்சியம் முழுவதும் கேட்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்தது ஒரு குழந்தைக்குச் சொன்ன பாடத்தை!

உரையாசிரியர்கள் வந்தபோது, எல்லாத் துறையிலும் உரையாசிரியர்கள் செய்வது போல, இதையும் நிறுத்து அளந்தார்கள். புத்தகோசர் 5ஆம் நூற்றாண்டினர்; காஞ்சிபுரத்தில் ஜோதிபாலர் என்ற பிக்குவோடு தாம் தங்கியிருந்ததைத் தம் உரை ஒன்றின் இறுதியில் நன்றியோடு குறிப்பிடுகிறவர். அவர் பெயரால் வழங்கும் உரைகள், பொய் பொய்யாவதற்கு நான்கு உறுப்புகள் வேண்டும் என்கின்றன. சொல்லும் பொருள் உண்மை அல்லாததாக இருக்க வேண்டும். ஏமாற்றும் எண்ணம் வேண்டும். அதற்கான முயற்சி வேண்டும். எதிரில் இருப்பவர் அதைப் புரிந்துகொள்ளவும் வேண்டும். தவறாகத் தெரிந்துகொண்டு சொல்வது பொய் ஆகாது. பொய்களுக்குள்ளும் பெரிது சிறிது உண்டு. கொடுக்க மனமில்லாமல் "என்னிடம் இல்லையே" என்று இல்லறத்தான் சொல்வது சிறிது. பிறர் உடைமையைக் கெடுக்கச் சொல்லும் பொய்ச் சாட்சி பெரிது. பிச்சைக்குப் போய்ச் சொட்டு எண்ணெயோடு திரும்பிய பிக்கு, "இன்றைக்கு ஊரில் எண்ணெய் ஆறாக ஓடுகிறது" என்று கேலி செய்தால் அதுவும் கணக்கில் சேரும், சிறிய கணக்கில். இதைப் படித்தபோது எனக்கு அந்தப் பிக்குவை மிகவும் பிடித்துவிட்டது. ஆனால் சிறிது என்றார்களே தவிர, கணக்கில் இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை.

இவற்றையெல்லாம் நாவலாசிரியனின் ஆவலோடு, அதாவது கொஞ்சம் பொறுப்பில்லாமல், படித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் அந்த நண்பர் படுத்தார்.

என்னைவிட எட்டு வயது மூத்தவர். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அஞ்சல் துறையில் முப்பது ஆண்டுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். நான் அவரை அண்ணே என்பேன்; அவர் என்னைத் தம்பி என்பார். என் கதைகளை அச்சில் வருமுன் படித்து, "இந்தப் பெண் இவ்வளவு பேசமாட்டாள் தம்பி" என்று திருத்தும் உரிமை அவருக்கு இருந்தது. ஒரு மாதமாகச் சாப்பாடு செல்லவில்லை, உடம்பு இளைத்தது. பரிசோதனைகள் நடந்தன. கணையத்தில் புற்று என்றும், பரவிவிட்டது என்றும், அறுவைக்கு இடமில்லை என்றும் மருத்துவர் மூத்த மகனிடம் சொல்லியிருக்கிறார்.

நான் பார்க்கப் போன அன்று அவன் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டான். "சித்தப்பா, அப்பாகிட்ட வயித்துப் புண்ணுன்னு சொல்லியிருக்கோம். வர்றவங்க எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. நீங்களும் அப்படியே சொல்லிடுங்க. அவர் தாங்கமாட்டார்."

அவன் கண்கள் சிவந்திருந்தன. அந்தப் பொய்யில் சுயநலம் ஒரு துளியும் இல்லை. அன்பைத் தவிர வேறு எதுவும் அதில் இல்லை. அதனால்தான் எனக்குச் சங்கடம். கெட்ட எண்ணத்தோடு கேட்கப்படும் பொய்யை மறுப்பதற்கு எந்த நூலும் வேண்டியதில்லை.

அபயன் என்ற இளவரசனோடு புத்தர் நடத்திய உரையாடல் அன்று என் நினைவுக்கு வந்தது. பிம்பிசாரனின் மகன் அவன். புத்தரை மடக்குவதற்காகவே அனுப்பப்பட்டவன். 'பிறர் மனம் நோகும் சொல்லைத் தாங்கள் சொல்வதுண்டா?' என்று கேட்கிறான். சொல்வதுண்டு என்றால் சாதாரண மனிதனிடமிருந்து என்ன வேறுபாடு? சொல்வதில்லை என்றால் தேவதத்தனைப் பற்றி அவ்வளவு கடுமையாகச் சொன்னது ஏன்? நல்ல கிடுக்கிதான். புத்தர் நேராகப் பதில் சொல்லவில்லை. இளவரசன் மடியில் ஒரு கைக்குழந்தை கிடக்கிறது. "இந்தக் குழந்தை ஒரு கூழாங்கல்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டால் என்ன செய்வாய்?" என்று கேட்கிறார். இடக்கையால் தலையைப் பிடித்துக்கொண்டு, வலக்கை விரலை வளைத்து எடுத்துவிடுவேன், இரத்தம் வந்தாலும் எடுப்பேன் என்கிறான் அவன். ஏன்? குழந்தையின் மேல் உள்ள இரக்கத்தால்.

அதன்பின் பேச்சை ஆறு வகையாகப் பிரித்துச் சொல்கிறார். உண்மையல்லாதது, பயனற்றது, கேட்பவருக்குக் கசப்பது: சொல்வதில்லை. உண்மைதான், ஆனால் பயனற்றது, கசப்பது: சொல்வதில்லை. உண்மை, பயனுள்ளது, ஆனால் கசப்பது: அதற்குரிய காலம் அறிந்து சொல்வார். உண்மையல்லாதது, பயனற்றது, இனிப்பது: சொல்வதில்லை. உண்மை, பயனற்றது, இனிப்பது: அதையும் சொல்வதில்லை. உண்மையாய், பயனுள்ளதாய், இனிப்பதாய் இருந்தால்? அப்போதும் காலம் அறிந்துதான்.

எனக்குக் கணக்கு வராது என்று பள்ளிக்கூடத்தில் பெயர். ஆயினும் மூன்று குணங்களை உண்டு, இல்லை என்று மாற்றி மாற்றி அடுக்கினால் எட்டு வர வேண்டும் அல்லவா? விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். புத்தர் சொன்னது ஆறுதான். விடுபட்ட இரண்டும் எவை என்று பாருங்கள்: உண்மையல்லாத ஆனால் பயனுள்ள சொல், இனிப்பது ஒன்று, கசப்பது ஒன்று. நம் வீட்டுப் பொய்கள் எல்லாம் குடியிருக்கும் தெரு அதுதான். அந்தத் தெருவே அவருடைய ஊர்ப் படத்தில் இல்லை. கூடாது என்றுகூட அவர் விலக்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதாகவே எண்ணவில்லை. நன்மை தரும் பொய் என்பது அவருக்கு மலடி மகன் என்பது போல ஒரு வெறும் சொல்லாகப் பட்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

சாதகக் கதைகளிலும் இந்தப் பிடிவாதத்தைக் காணலாம். போதிசத்துவராகப் பிறவிகள் எடுத்தபோது அவர் எல்லாப் பிழைகளும் செய்திருக்கிறார். ஆரிதர் என்ற முனிவராக இருந்த பிறவியில், அரசன் போர்முனைக்குப் போயிருந்த சமயம் அரசியோடு நெறி தவறிவிடுகிறார். ஊர் பேசுகிறது, அமைச்சர்கள் எழுதுகிறார்கள், அரசன் நம்பவில்லை. அரசியே ஒப்புக்கொண்டும் நம்பவில்லை. திரும்பி வந்து முனிவரையே கேட்கிறான். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், அரசன் ஏற்றுக்கொள்வான். அவர் ஆம் என்கிறார். போதிசத்துவரிடம் மற்ற நான்கு சீலங்களில் சில வேளை சறுக்கல் நேரலாம், உண்மையை மறைத்து ஏமாற்றும் பொய் மட்டும் நேராது என்று அந்தக் கதையிலேயே ஒரு விளக்கம் வருகிறது.

மறுபுறத்தையும் சொல்லிவிட வேண்டும். இல்லையேல் நானே பாதி உண்மை சொன்னவன் ஆவேன். மகாயானத்தார் போற்றும் சத்தர்ம புண்டரீகத்தில் ஒரு வைத்தியர் வருகிறார். அவர் வெளியூர் போயிருந்தபோது பிள்ளைகள் நஞ்சைக் குடித்துவிடுகிறார்கள். திரும்பி வந்து மருந்து கலக்கிக் கொடுக்கிறார். புத்தி தெளிவாக இருந்தவர்கள் குடிக்கிறார்கள். நஞ்சு தலைக்கேறியவர்கள் மறுக்கிறார்கள். மருந்தை அங்கேயே வைத்துவிட்டு வெளியூர் போய், "உங்கள் தந்தை இறந்துவிட்டார்" என்று ஆள் சொல்லி அனுப்புகிறார். துக்கத்தில் புத்தி தெளிந்து அவர்கள் மருந்தைக் குடிக்கிறார்கள், பிழைக்கிறார்கள், தந்தையும் திரும்பி வருகிறார். இதைப் பொய் என்று யாராவது குற்றம் சொல்ல முடியுமா என்று அங்கே கேட்கப்படுகிறது. முடியாது என்றுதான் பதில். ஆகவே பௌத்தர்களிலேயே ஒரு பெரும் பிரிவினர் வள்ளுவரோடு உட்காருகிறார்கள்.

அந்த வைத்தியரோடு எனக்கு வழக்கில்லை. அவர் கையில் மருந்து இருந்தது. பொய் அவருக்கு மருந்தைக் குடிக்க வைக்கும் சங்கு. என் நண்பர் வீட்டிலோ மருந்து தீர்ந்துவிட்டது. சங்கு மட்டும்தான் மிச்சம்.

நம் மணிமேகலையையும் இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. உதயகுமரனின் மோகத்திலிருந்து தப்புவதற்காக அவள் காயசண்டிகையின் வடிவை எடுத்துக்கொள்கிறாள். யாருக்கும் தீங்கு நினையாத மாற்றுருவம். அந்த வடிவிலேயே பசித்தவர்க்குச் சோறிடுகிறாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்குகிறாள். எல்லாம் நல்லதுதான். ஆனால் உண்மைக் காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து அவளைத் தேடிக்கொண்டு வருகிறான். தன் மனைவியைத்தான் பார்க்கிறோம் என்று நம்புகிறான். அவளைத் தேடி இரவில் வந்த இளவரசனை வாளால் வீழ்த்துகிறான். பழவினை என்று கந்திற்பாவை காரணம் சொல்கிறது. இருக்கட்டும். கதை எழுதிப் பிழைக்கிறவன் கண்ணுக்கு வேறொன்றும் படுகிறது: நல்லவள் ஒருத்தி நல்லதற்காகப் போட்ட வேடம், அவள் அறியாத மூன்றாவது மனிதன் கையில் வாளாகிவிட்டது. சாத்தனார் அதை ஒரு பாடமாக எடுத்து ஓதவில்லை. நடந்ததைக் காட்டிவிட்டுப் போகிறார்.

நண்பர் வீட்டிலும் ஒரு மூன்றாவது ஆள் இருந்தார். நண்பரின் விதவைத் தங்கை. பின்கட்டில் இருபது ஆண்டுகளாக இருக்கிறார். பிள்ளை குட்டி இல்லை. வீடு நண்பர் பெயரில். "இவளுக்கு ஏதாவது எழுதி வைக்கணும் தம்பி, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று நண்பர் என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். வயிற்றுப் புண் உள்ளவருக்கு அடுத்த வருஷம் உண்டு.

வாசலில் நின்ற மகனிடம் சொன்னேன்: "நானா எதுவும் சொல்லமாட்டேன். ஆனா அவர் என்னைக் கேட்டா, பொய் சொல்லமாட்டேன்." அவன் முகம் மாறியது. "கேக்காத மாதிரி நீங்க இருந்துடலாமே" என்றான்.

இருந்துவிடலாம். பேசாமல் இருப்பது பொய்யா என்ன? நம்மில் பெரும்பாலோர் தங்கும் மண்டபம் இது. விற்கப் போகும் வீட்டின் கிணறு சித்திரையில் வற்றும். வாங்க வந்தவர், "தண்ணி கஷ்டம் உண்டா?" என்கிறார். "காவேரிக் கரையிலே தண்ணிக்கா பஞ்சம்?" என்று சிரிக்கிறோம். ஒரு பொய்யும் சொல்லவில்லை. கேள்விக்குக் கேள்விதான் கேட்டோம். பௌத்த சங்கத்தார் இந்த மண்டபத்துக்கும் ஒரு பூட்டுப் போட்டிருக்கிறார்கள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை, அமாவாசை பௌர்ணமிகளில், பிக்குகள் கூடித் தங்கள் விதிகளை ஓதுவது வழக்கம். தேரவாதத்தில் பிக்குகளுக்கு 227 விதிகள். ஓதத் தொடங்குமுன் தலைவர் அறிவிக்கிறார்: தவறியவர் வெளிப்படுத்துக, தவறாதவர் மௌனமாக இருக்க, மௌனத்தைக் கொண்டு நீங்கள் தூயவர் என அறிவேன். மூன்று முறை கேட்கிறார். தன் பிழை நினைவில் இருந்தும் வாய் திறவாமல் இருக்கும் பிக்கு, அறிந்தே பொய் சொன்னவன் ஆகிறான். உதடு அசையவில்லை, ஆனால் கேள்வி கேட்கப்பட்டுவிட்டது. கேட்கப்படும் வரை மௌனம் மௌனம். கேட்டபின் அது பதில்.

நண்பர் முதல் நாள் கேட்கவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. ஐந்தாம் நாள், அண்ணி அடுப்படிக்குப் போன சமயம், "தம்பி, கதவைச் சாத்து" என்றார். "எனக்கு என்ன வியாதி? உனக்குத் தெரியும்."

"தெரியும் அண்ணே. நான் சொல்லணும்னு கேக்கறீங்களா, சொல்லக்கூடாதுன்னு கேக்கறீங்களா?"

வெகுநேரம் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே கொல்லையில் தங்கை துணி உலர்த்திக்கொண்டிருந்தார். "புண்ணு இல்லே, இல்லையா?"

"இல்லை."

"எத்தனை நாள்?"

"அது டாக்டருக்கே திட்டமா தெரியாது. மூத்தவனைக் கூப்பிடட்டுமா? அவனுக்கு உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். தைரியம் வரலே. நீங்கதான் அவனுக்குத் தைரியம் சொல்லணும்."

நான் அங்கே போவதற்கு முன் நான்கு இரவுகள் தேடி வைத்திருந்த வாக்கியம் இந்தக் கடைசி வாக்கியம்தான். அதில் பொய் இல்லை. படுத்திருந்தவருக்கு அது ஒரு வேலையையும் கொடுத்தது. தந்தை என்ற பதவியில் அவரை மறுபடி உட்கார வைத்தது. மகன் வந்தான். நான் வெளியே வந்துவிட்டேன்.

அதன்பின் நான்கு மாதம் இருந்தார். இரண்டாவது வாரமே சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நாற்காலியில் தூக்கிக்கொண்டு போனார்கள். பின்கட்டில் தங்கைக்கு ஆயுள் உள்ள வரை குடியிருக்கும் உரிமையை எழுதிக் கையெழுத்திட்டார். பழைய அஞ்சலகத் தோழர்கள் மூன்று பேருக்குக் கடிதம் எழுதினார். என் கையெழுத்துப் பிரதி ஒன்றில் இரண்டு அத்தியாயங்கள் திருத்தினார்.

காரியம் முடிந்த பதினாறாம் நாள் அண்ணியிடம் விடைபெறப் போனேன். "தங்கச்சிக்கு வழி பண்ணிட்டுப் போனார், சரி. ஆனா அந்த நாலு மாசமும் அவர் ஒரு நாள்கூட வாய்விட்டுச் சிரிக்கலையே தம்பி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பல ஆண்டுகள் அவர்கள் வீட்டில் நான் கேட்டது அந்தச் சிரிப்பைத்தான்; தெருமுனையிலேயே கேட்கும். இராகுலனுக்குச் சொன்ன மூன்றாவது பார்வையை நான் இன்னும் பார்த்து முடிக்கவில்லை. தங்கை பின்கட்டில் கோலம் போடுவதும் அந்தக் கண்ணாடியில் தெரிகிறது. அண்ணியின் முகமும் தெரிகிறது. ஒன்றைக் காட்டி மற்றதை மறைத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. மறுபடி அதே கேள்வியை யாராவது என்னைக் கேட்டால் அதே பதிலைத்தான் சொல்வேன் என்பது மட்டும் தெரிகிறது.

அதற்குப் பிறகு அங்குலிமாலனின் கதையை நான் பல தடவை எடுத்துப் படித்திருக்கிறேன். கொலைகாரனாக இருந்து பிக்குவானவன் என்ற அளவில் எல்லாருக்கும் அவனைத் தெரியும். அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று இருக்கிறது. சாவத்தி நகரில் பிச்சைக்குப் போன அவன், பிரசவ வேதனையில் துடிக்கும் ஒரு பெண்ணைப் பார்க்கிறான். எத்தனையோ பேர் துடித்ததைப் பார்த்தவன்தான். இன்று தாங்க முடியவில்லை. ஓடிவந்து புத்தரிடம் சொல்கிறான். அவர், "நீ போய், பிறந்தது முதல் நான் அறிந்து எந்த உயிரையும் கொன்றதில்லை, அந்த உண்மையால் உனக்கும் குழந்தைக்கும் நலம் உண்டாகட்டும் என்று சொல்" என்கிறார்.

அங்குலிமாலன் தயங்குகிறான். "ஐயனே, அது பொய் ஆகுமே. நான் பல உயிர்களைக் கொன்றவன்."

வேதனையில் ஒருத்தி கிடக்கிறாள். சொல்லச் சொன்னவரோ புத்தர். இதைவிட நல்ல காரணமும் பெரிய உத்தரவும் ஒரு பொய்க்குக் கிடைக்காது. அவன் மறுக்கிறான். ஊரை நடுங்க வைத்த அந்த மனிதன் பிக்குவான பின் என்ன ஆனான் என்பதை எனக்கு இந்த ஒரு தயக்கம் சொல்லிவிட்டது. புத்தர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை; வாக்கியத்தில் ஒரு சொல்லைச் சேர்க்கிறார். 'ஆரியப் பிறவி எடுத்தது முதல்', அதாவது இந்தத் துறவு வாழ்வில் பிறந்தது முதல், அறிந்து எந்த உயிரையும் கொன்றதில்லை என்று சொல்லச் சொல்கிறார். அது உண்மை. அவன் திரும்பிப் போய் அந்தப் பெண்ணிடம் அதைச் சொல்கிறான். தாயும் பிள்ளையும் நலமடைகிறார்கள்.

இலங்கையில் நிறைகர்ப்பிணிகளுக்காகப் பிக்குகள் இன்றும் அந்த வாக்கியத்தைத்தான் ஓதுகிறார்கள். திருத்திய பிறகு உள்ள வாக்கியத்தை.